இரத்தப் பரிசோதனைத் தாளும் இல்லத்துப் பணிவிடையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

மருத்துவத்தைப் பற்றிப் பேச இவன் யார் என்று சிலர் எண்ணக்கூடும். நான் மருத்துவன் அல்லேன். மெட்ரிகுலேஷன் தேறி, ரயில்வேயில் எழுத்தராகக் காலந்தள்ளுகிறவன். ஆயினும், கட்டங்கட்டமாய் அச்சிட்ட தாள்களைப் பிழையறப் பார்ப்பதே என் அன்றாடத் தொழில். இன்று நம் வீடுகளில் பஞ்சாங்கத்தைவிட மிகுதியாகப் புரட்டப்படும் கட்டத்தாள் ஒன்று உண்டு. பரிசோதனைச் சாலை தரும் இரத்தப் பரிசோதனைத் தாளே அது.

மருத்துவர் நோயாளியைக் காண்பது சில நிமிடங்கள். எஞ்சிய பொழுதெல்லாம் கண்ணிமைபோல் காப்பவர்கள் வீட்டிலுள்ள தாய்மார்களே. தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் நமக்குள்ள தனித்த இடர் யாதெனில், தாள் ஆங்கிலத்தில் இருக்கிறது. விளக்கம் இந்தியிலோ மராத்தியிலோ கிடைக்கிறது. நோயாளியான பாட்டியோ தமிழ் ஒன்றே அறிந்தவர். முடிவில், ஏழாவது படிக்கும் பேரப்பிள்ளையே துபாஷியாகிறான். அப்பிஞ்சு உள்ளத்தின்மேல் அவ்வளவு பெரிய சுமையை ஏற்றுவது முறையன்று. ஆகவே, பெரியவர்களாகிய நாமே சிலவற்றைக் கற்றுக்கொள்ளல் வேண்டும்.

முதலாவது, எண்ணைப் பார்க்குமுன் தலைப்பைப் பாருங்கள். பெயர், வயது, தேதி, இரத்தம் எடுத்த நேரம், வெறும் வயிற்றிலா உணவுக்குப் பின்னரா என்பன சரியாயிருக்கின்றனவா? ஒரே பெயருடையோர் பலர் வாழும் நம் குடியிருப்பில் தாள் மாறுவது அரிதன்று.

இரண்டாவது, அளவின் அலகைப் பாருங்கள். இரத்தத் தட்டணுக்களை ஒரு பரிசோதனைச் சாலை ‘2.1 லட்சம்’ என எழுதும். மற்றொன்று ஆயிரக்கணக்கில் ‘210’ என எழுதும். இரண்டும் ஒன்றே. அலகைப் பாராமல், இரண்டு லட்சம் இருந்தது இருநூற்றுப் பத்தாகிவிட்டதே என்று அலறினால் வீடே கலங்கிப்போகும்.

மூன்றாவது, எண்ணருகே இடும் நட்சத்திரக் குறியைக் கண்டவுடன் நடுங்கவேண்டாம். இயல்பான அளவு என்று அச்சிடுவது, பெரும்பாலும் நலமுள்ளோர் நூற்றுவரில் தொண்ணூற்றைவரின் அளவுகள் அடங்கும் எல்லையே. அதன்படி, நலமுள்ளவர்களிலேயே ஐவர் அந்த எல்லைக்கு வெளியே நிற்பர். நல்ல உடல்நலமுள்ள ஒருவருக்கு இருபது சோதனைகள் செய்தால், ஒன்றேனும் எல்லை தாண்டிக் காணப்படுவதற்கே வாய்ப்பு மிகுதி. எங்கள் ரயில்வே மொழியிற் சொன்னால், அக்குறி மஞ்சள் விளக்கு. வண்டி கவிழ்ந்துவிட்டது என்பது அதன் பொருளன்று. விழிப்பாயிரு என்பதே பொருள்.

இனி, நோயின் பெயர்களுக்கு வருவோம். மருத்துவச் சீட்டில் ‘ஆர்/ஓ’ என்று எழுதி ஒரு நோயின் பெயர் இருந்தால், அந்நோய் உண்டென்று கொள்ளாதீர்கள். அது இல்லையென்று உறுதி செய்துகொள்ள வேண்டும் என்பதே கருத்து. ‘என்.ஏ.டி.’ என்றால் கோளாறு எதுவும் காணப்படவில்லை என்பதாம். ‘காக்ஸ்’ என்று எழுதியிருந்தால் அது புதிய நோயன்று, காசநோயே. 1882 ஆம் ஆண்டில் அதன் கிருமியைக் கண்டறிந்து அறிவித்த ராபர்ட் காக் என்னும் ஜெர்மானிய அறிஞரின் பெயரை ஒட்டி, நோயாளி கலங்காதிருக்கட்டும் என்று மருத்துவர்கள் கையாளும் மறைமொழி அது.

அடுத்தது, வீடுதோறும் விருந்தினராய்ப் புகுந்து வீட்டுக்காரராகிவிட்ட சர்க்கரை நோய். வெறும் வயிற்றில் 100-க்குக் கீழ் இருந்தால் இயல்பு. 126-உம் அதற்கு மேலும் மறு சோதனையிலும் காணப்பட்டால் சர்க்கரை நோய். இடைப்பட்டது எச்சரிக்கை. ‘எச்.பி.ஏ.1.சி.’ என்பது, இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது; 6.5 விழுக்காடும் அதற்கு மேலும் நோயைக் குறிக்கும். சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்வதால், அது தன் வாழ்நாட் கணக்கைச் சுமந்து வருகிறது. ஆனால் சோகை உள்ளவர்களிடம் இக்கணக்குப் பிறழக்கூடும். எனவே, ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12-க்கும், ஆண்களுக்கு 13-க்கும், கர்ப்பிணிகளுக்கு 11-க்கும் குறைந்திருந்தால், அதையும் மருத்துவரிடம் சேர்த்தே காட்டவேண்டும்.

உயர்ந்த சர்க்கரைக்கு அஞ்சும் நாம் தாழ்ந்த சர்க்கரைக்கு அஞ்சுவதில்லை. என் தாயாருக்கு வயது 72. ஏகாதசியன்று உணவைத் தவிர்த்தவர், மாத்திரையைத் தவிர்க்கவில்லை. நள்ளிரவில் உடலெல்லாம் வியர்த்து, பேச்சுக் குழறியது. வாயு என்றனர் அண்டை வீட்டார். என் மனைவி விரல்நுனியில் குத்திப் பார்த்தாள், 48. எழுபதுக்குக் கீழே இறங்கினாலே ஆபத்து. மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்தாள். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்தாள், 82. பின்னர் உணவு கொடுத்து, மாத்திரையின் வேகம் மீண்டும் இழுக்கக்கூடும் என்று விடியுமட்டும் விழித்திருந்தாள். நினைவு இருந்தமையால் தாயாரால் விழுங்க முடிந்தது. நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லவேண்டும்.

காலையில் மருத்துவரிடம் சென்றபோது, என் மனைவி தான் எழுதிவரும் நோட்டுப் புத்தகத்தை நீட்டினாள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் இரண்டாண்டுகளில் 1.0-இலிருந்து 1.3-க்கு ஏறியிருந்தது. பார்வைக்கு அற்ப ஏற்றம். ஆனால், தசை மெலிந்த முதியவர்க்கு அது பேரிறக்கம். கணக்கிட்டால் வடிகட்டும் திறன் அறுபதுக்கு வெகு கீழே நின்றது. சிறுநீரகம் தளர்ந்தால் சிலவகைச் சர்க்கரை மாத்திரைகள் உடலில் தேங்கிவிடும். மருத்துவர் மாத்திரையை மாற்றினார். ஒற்றைத் தாள் சொல்லாததை வரிசையாய் எழுதிய நோட்டு சொல்லிற்று. எண்ணைவிட எண்ணின் போக்கே பெரிது என்பதை அன்று எங்கள் வீட்டார் அனைவரும் உணர்ந்தோம்.

மழைக்காலத்தில் மும்பையை வாட்டும் டெங்குவைப் பற்றியும் ஒரு சொல். தட்டணு ஒன்றரை லட்சத்துக்குக் கீழே இறங்கியதும் பதறுகிறோம். காய்ச்சல் விட்டதும் அயர்ந்து உறங்கிவிடுகிறோம். உண்மையில், காய்ச்சல் தணிந்த முதல் இரண்டு நாட்களே கண்ணுங்கருத்துமாய் இருக்கவேண்டிய நாட்கள். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் குருதி, சிறுநீர்க் குறைவு, மிகுந்த சோர்வு இவற்றில் ஒன்று தோன்றினும், எண்ணைப் பாராமல் மருத்துவமனைக்கு விரையவேண்டும்.

இறுதியாக, நம் தாய்நாட்டுத் தலைநகர் உலகுக்குக் கற்பித்த பாடம் ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். காசநோயாளிகளை ஆரோக்கிய நிலையத்திலேதான் வைத்துக் காக்கவேண்டும் என்று கருதிய காலம் அது. 1956-இல் சென்னையில் காசநோய் மருந்தாய்வு நிலையம் தொடங்கப்பட்டது. நெருக்கமான வீடுகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினர்க்கு வீட்டிலும், மறு பகுதியினர்க்கு ஆரோக்கிய நிலையத்திலும் ஓராண்டு ஒரே மருந்துகளை அளித்தனர். நிலையத்தில் இருந்தோர்க்கு நல்ல உணவும் ஓய்வும் கிடைத்தன. இருந்தும், 1959-இல் வெளியான முடிவு, இரு சாராரும் ஏறத்தாழ ஒரேயளவில் நலம் பெற்றதைக் காட்டியது. வீட்டில் மருந்துண்டவர்களால் உடனுறைவோர்க்கு நோய் மிகுதியாகத் தொற்றவும் இல்லை. தடையின்றி உண்ட மருந்தே காத்தது.

இன்று வழக்கமான காசநோய்க்குக் குறைந்தது ஆறு மாத மருந்து. அரசு அதை இலவசமாகவே தருகிறது. இரண்டு மாதத்தில் சளிச் சோதனை ‘நெகடிவ்’ என்று வரும், உடம்பும் தேறும். அத்தாளைக் கண்டு மருந்தை நிறுத்துவோர் உண்டு. கிருமி கண்ணுக்குத் தெரியவில்லை என்பதே அதன் பொருள். முற்றும் அழிந்தது என்பதன்று. இடையில் நிறுத்தினால் நோய் மீளும். பின்பு அம்மருந்துகளுக்கு அடங்காததாகவும் மாறக்கூடும். பத்தடி அறையில் எட்டுப்பேர் வாழும் நம் மக்களுக்கு, ஒருவர் நிறுத்துவது எட்டுப்பேர் கதையாகும்.

சங்கத்தாருக்கு என் வேண்டுகோள் இரண்டு. வீட்டுக்கொரு நோட்டு வேண்டும். அதில் தேதி, எண், அலகு, மருந்து ஆகியவற்றைத் தமிழில் எழுதி வரவேண்டும். மேலும், செவிலியராய்ப் பணிபுரியும் நம் பெண்மக்கள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூடத்தில் ஒரு மணி நேரம் அமர்ந்து, வருவோரின் தாள்களைத் தமிழில் விளக்க முன்வரவேண்டும். மருத்துவம் செய்வது மருத்துவர் கடன். என்ன நேர்கிறது என்று அறிந்து பணிவிடை செய்வது நம் கடன்.