மாற்றுப் பறைக்கும் சேர்த்துக் கூலி பேசுவோம்

(பறைப் பயிற்சி முகாம் ஒன்றின் நிறைவு நாளில் பேசியதன் எழுத்து வடிவம்)



பயிற்சி முடித்த உங்களில் சிலர் இனி மேடை ஏறப் போகிறீர்கள். பலர் நிகழ்ச்சிகளை ஒருங்கிணைக்கப் போகிறீர்கள். அதனால் பறையின் பெருமையை விட்டுவிட்டு, நடைமுறை விசயம் ஒன்றைப் பேச நினைக்கிறேன். மேடை ஏறும் கலைஞருக்கு மாற்றுக் கருவி வேண்டுமா?

வேண்டும். தோல் கிழியும், குச்சி ஒடியும், மழை பெய்யும். நாகசுரக் கலைஞரைக் கவனித்திருப்பீர்கள். அவருடைய கருவியில் நூலில் கட்டிய சீவாளிகள் தொங்கிக்கொண்டிருக்கும். நாணலில் செய்த சீவாளி எப்போது காலை வாரும் என்று சொல்ல முடியாது. மிருதங்கக் கலைஞர்கள் பலரும் வேறு வேறு சுருதிக்கென்று ஒன்றுக்கு மேற்பட்ட மிருதங்கங்கள் வைத்திருக்கிறார்கள். இதை யாரும் ஆடம்பரம் என்று சொல்வதில்லை. தொழில் என்றால் அப்படித்தான் என்கிறோம்.

பறைக்கு வரும்போது மட்டும் நம் கணக்கு மாறிவிடுகிறது. இதை நான் என் தவறிலிருந்துதான் கற்றுக்கொண்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன் அண்ணல் பிறந்தநாள் ஊர்வலம் ஒன்றுக்கு ஒருங்கிணைப்புக் குழுவில் இருந்தேன். பத்துப் பேர் கொண்ட குழுவை அழைத்திருந்தோம். திடீரென்று கோடை மழை. நனைந்த தோல் தளர்ந்து, நான்கு பறைகளில் ஓசையே எழவில்லை. மண்டபத்துக்குள் தீ மூட்ட அனுமதி இல்லை என்று நாங்களே சொல்லிவிட்டோம். வெளியே ஒரு தகரக் கொட்டகையில் செய்தித்தாளைக் கொளுத்தி அவசரமாகக் காய்ச்சியதில் ஒரு பறை கிழிந்தது. குழுவில் மூத்தவரிடம், "அண்ணே, மாத்துப் பறை எடுத்துட்டு வந்திருக்கலாமே?" என்று கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "பத்துப் பறைக்குத்தானே தம்பி பேசுனீங்க? அதுலயும் நாலாயிரம் குறைச்சீங்களே" என்றார்.

அதே நிகழ்ச்சியில், மின்சாரம் போனால் என்ன செய்வது என்று யோசித்து ஜெனரேட்டருக்கு வாடகை கொடுத்திருந்தோம். அது கடைசிவரை ஓடவே இல்லை. ஆனாலும் வாடகையைக் குறைக்கச் சொல்லி யாரும் பேசவில்லை. பறை கிழிந்தால் என்ன செய்வது என்று மட்டும் எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பறையை விடுதலையின் கருவி என்று துண்டறிக்கையில் அச்சிட்டவர்கள் நாங்கள்.

மாற்றுக் கருவி என்பது வாங்கும் வசதியைப் பொறுத்தது மட்டுமல்ல. அதற்குப் பின்னால் யாருடைய உழைப்பு இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். மிருதங்கத்துக்குத் தோல் தேர்ந்து, வார் பிடித்து, நாதம் சேர்க்கும் கைகளைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற நூலை எழுதினார். அவர்களில் பலர் தலித் கிறித்தவர்கள். 2020இல் அந்த நூலின் வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றது. மேடையில் மிருதங்கத்துக்கு இடமுண்டு, அதைச் செய்தவரைப் பற்றிய பேச்சுக்கு இடமில்லை.

பறைக் கலைஞர் பலர் வாசிப்பவராகவும் செய்பவராகவும் இருக்கிறார்கள். தோல் வாங்கி, ஊறவைத்து, மயிர் நீக்கி, புளியங்கொட்டைப் பசை தடவிக் கட்டையில் இழுத்து ஒட்டிக் காயவைக்க வேண்டும். கையில் இருப்பது ஒரே பறை என்றால், அது கிழியும்போது அடுத்த நிகழ்ச்சியின் கூலியும் சேர்ந்து போகிறது. உடனே முன்பணம் தேவைப்படுகிறது. முன்பணம் கொடுத்தவர் அடுத்த முறை கூப்பிடும்போது, கூலி போதாது என்றோ அந்த வீட்டுச் சாவுக்கு வரமாட்டேன் என்றோ சொல்ல முடிவதில்லை. சாதி கட்டாயப்படுத்திய இடத்தில் பறையடிக்க மறுத்ததும் நம் போராட்ட வரலாறுதான். அந்த மறுப்புக்கு மனத்துணிவு மட்டும் போதாது. வீட்டில் இன்னொரு பறையும் இருக்க வேண்டும்.

"அப்படியென்றால் பைபர் பறை வாங்கிக்கொள்ளலாமே" என்று சிலர் கேட்கிறார்கள். மழைக்கு அது தாங்கும், தீயும் வேண்டாம். "அது அசல் பறை இல்லை" என்று வேறு சிலர் முகம் சுளிக்கிறார்கள். எதை எங்கே அடிப்பது என்பதைக் கலைஞர் முடிவு செய்யட்டும். தோல் பறைதான் வேண்டும் என்று கேட்பவர், தோலுக்கான செலவையும் ஏற்க வேண்டும்.

ஆகவே என் கோரிக்கைகள் எளியவை. பத்துப் பேரை அழைத்தால் பன்னிரண்டு பறைக்குக் கூலி பேசுங்கள். தேய்மானத்தை அன்பளிப்பாக அல்ல, கூலியின் பகுதியாகவே எழுதுங்கள். தீ மூட்ட ஓர் இடமும், மழையில் ஒதுங்க ஒரு கூரையும் முன்கூட்டியே பார்த்து வையுங்கள். நிகழ்ச்சியில் கிழிந்த பறைக்கு நிகழ்ச்சி நடத்துபவரே பொறுப்பு. உங்கள் கல்லூரி வாசகர் வட்டங்கள் சேர்ந்து பொதுவில் நான்கைந்து பறைகள் வாங்கி வைத்தால், பக்கத்து ஊர்க் குழுக்கள் அவசரத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். கருவி வாங்கக் கலைஞர்களுக்கு அரசு தரும் நிதியுதவிக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பதும் படித்த நம்மால் முடிந்த வேலைதான்.

அந்த மூத்தவரை அடுத்த ஆண்டு மீண்டும் அழைத்தோம். பன்னிரண்டு பறைக்குப் பேசினோம். அன்று மழை வரவில்லை, இரண்டு பறைகள் உறையிலேயே இருந்தன. கூலியைக் குறைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

ஜெய்பீம்!