மரத்தடிக்கு வந்த வண்டி



நான் செவிலிமேட்டிலிருந்து பேசுகிறேன். காஞ்சிபுரத்தின் தெற்கு ஓரம், பாலாற்றங்கரை. எங்கள் பக்கத்தில் சாலைக்கிணறு என்று ஒரு கிணறு உண்டு. தம் குரு யாதவப்பிரகாசரோடு காசி யாத்திரை கிளம்பிய ராமாநுஜர், தம்மைக் கொல்லச் சதி நடப்பது தெரிந்து வழியிலேயே விலகி, விந்தியக் காட்டில் தனியாகத் தவித்தார். ஒரு வேடனும் வேடுவச்சியும் துணைக்கு வந்தார்கள். விடிகிற வேளையில் வேடுவச்சி தாகம் என்றாள். பக்கத்துக் கிணற்றில் இறங்கி நீர் முகந்து வந்து கொடுத்தார். மறுபடி முகந்து வந்து பார்த்தால் இருவரையும் காணோம். தூரத்தில் தெரிவது காஞ்சி. வந்தவர்கள் காஞ்சி வரதராஜப் பெருமாளும் பெருந்தேவித் தாயாரும் என்பது குருபரம்பரைக் கதை. அன்று முதல் அவர் அந்தச் சாலைக்கிணற்றிலிருந்து தினமும் வரதருக்கு ஒரு குடம் தண்ணீர் சுமந்தாராம்.

கடவுள் வேடனாக வந்ததை எங்கள் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அந்தத் 'தினமும்' என்ற சொல்தான் பிடிக்கும். ஒரு நாள் தண்ணீர் கொடுப்பது யாராலும் ஆகும்.

இந்தத் தினப்படிப் பணியை வைணவர்கள் கைங்கர்யம் என்பார்கள். கிங்கரன் என்றால் ஏவல் செய்பவன். நமக்கு யமகிங்கரரை மட்டும்தான் தெரியும், அது பாவம் அந்தச் சொல்லின் தலைவிதி. எங்கள் ஊர் கிறிஸ்தவச் சபையார் இதையே ஊழியம் என்பார்கள். இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான், ஆள் வேலை. அப்படி ஒரு ஆள் வேலையைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

நெசவு ஊரில் கைவிரல்தான் சொத்து. குழித்தறியில் உட்கார்ந்தவனுக்குப் பாவில் ஓர் இழை அறுந்தால் கண்ணுக்குத் தெரிவதற்கு முன் விரலுக்குத் தெரியும். அறுந்த முனைகளைத் தேடி எடுத்து முடி போடுவது கட்டைவிரலும் சுட்டுவிரலும் செய்கிற வேலை. இப்படிப்பட்ட ஊரில் ஒருவனுக்கு முதலில் விரல்நுனி மரத்துப் போகிறது என்று வையுங்கள். இழை அகப்படாது. பிறகு மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளே மடங்கும். அந்த நோயின் பெயர் வெளியே தெரிந்துவிட்டால் தறி மட்டுமா போகும்? தெருவே போய்விடும்.

தொழுநோய்க்குப் பெருநோய், பெருவியாதி, குஷ்டம் என்று பல பெயர். எங்கள் பாட்டி தலைமுறையில் பெயரைக்கூடச் சொல்ல மாட்டார்கள். 1954இல் 'ரத்தக் கண்ணீர்' படம் வந்தது. தொழுநோயாளியாக எம்.ஆர். ராதாவின் நடிப்பைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்தப் படம் தமிழ்நாட்டின் மனத்தில் ஒரு கணக்கை ஆணி அடித்து வைத்தது: ஆடியவனுக்கு வருகிற தண்டனை இது. நடிகர் பெரியவர், கணக்கு தப்பு. இது பரம்பரை நோயும் இல்லை, பாவத்தின் சம்பளமும் இல்லை. ஒரு கிருமி. நார்வேயில் ஹான்சென் என்ற மருத்துவர் 1873இலேயே அதைக் கண்டுவிட்டார். மனிதர்களில் மிகப் பெரும்பாலோர் உடம்பில் அதைத் தானே விரட்டிவிடுகிற எதிர்ப்புச் சக்தி இருக்கிறது.

படம் வந்ததற்கு ஏழு வருஷம் முன்னால் நடந்தது ஒன்று. செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் திருமணியில் லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை இருந்தது. ஸ்காட்லாந்து சபை மிஷன் நடத்தியது. அங்கே ராபர்ட் காக்ரேன் என்ற மருத்துவர் இருந்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலிருந்து பால் பிராண்ட் என்ற இளம் அறுவைச் சிகிச்சை மருத்துவர் 1947இல் அவரைப் பார்க்க வந்தார். ஒரு நோயாளியின் மடங்கிப்போன கையைப் பார்த்து, அதற்குள் தன் கையைக் கொடுத்து, முடிந்த மட்டும் அழுத்தச் சொன்னார். சும்மா தொடும் என்று நினைத்தார். கை நசுங்கியது! வலி தாங்காமல் விடச் சொல்ல வேண்டியதாயிற்று. அந்த நிமிஷம் அவருக்கு ஒன்று புரிந்தது: தசை சாகவில்லை, எல்லாம் உயிரோடு இருக்கிறது, சில நரம்புகள் மட்டும்தான் போயிருக்கின்றன. உயிருள்ள தசைநாண் ஒன்றை எடுத்து விரலுக்கு மாற்றித் தைத்தால் விரல் நிமிராதா? நிமிர்ந்தது. இன்று உலகம் முழுதும் செய்கிற அந்த அறுவைச் சிகிச்சைக்கு விதை விழுந்த இடம் நம் செங்கல்பட்டு.

விரல் தானாக அழுகி விழுகிறது என்பதும் பொய் என்று அவர்தான் காட்டினார். வலி இல்லாததால் சுடுபாத்திரத்தைப் பிடித்து வெந்த கை, ஆணி குத்தியதே தெரியாமல் நடந்த கால். அறுவை செய்து நன்றாக்கி அனுப்பியவர்களுக்குக்கூட இரவோடு இரவாக விரல் குறைந்தது. விழித்திருந்து பார்த்தால் எலி! தூங்குகிறவருக்கு உணர்ச்சி இல்லை, எலிக்குத் தடை இல்லை. அப்புறம் வீட்டுக்குப் போகிறவர்கள் கையில் மருந்தோடு ஒரு பூனையும் கொடுத்து அனுப்பினார்கள். சிரிப்பாக இருக்கும். ஆனால் நோயாளி ராத்திரியில் எப்படித் தூங்குகிறார் என்று யோசித்தவர்களுக்குத்தான் பூனை தோன்றும்.

சரி, மருத்துவமனைக்கு வந்தவர்களுக்கு வழி பிறந்தது. வராதவர்கள்?

அந்தக் காலத்தில் இந்த நோய்க்கு டாப்சோன் மாத்திரை வந்துவிட்டது, விலையும் மலிவு. ஆனால் வருஷக்கணக்கில் விடாமல் விழுங்க வேண்டும். கட்டிலில் படுக்க வைத்துக் கொடுப்பதென்றால் எத்தனை ஆயிரம் கட்டில்? கூலிக்காரன் ஒரு நாள் போனால் ஒரு நாள் சோறு போயிற்று. பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேல், தொழுநோய் ஆஸ்பத்திரி வாசலில் ஏறினாலே ஊருக்குத் தெரிந்துவிடும்.

1955இல் மதுராந்தகத்துக்கு அப்பால் பொலம்பாக்கத்தில் பெல்ஜியத்துக்காரர்கள் ஒரு தொழுநோய் மையம் தொடங்கினார்கள். அன்று காஞ்சிபுரமும் பொலம்பாக்கமும் ஒரே செங்கல்பட்டு மாவட்டம். தலைவர் டாக்டர் பிரான்ஸ் ஹெமெரிக்ஸ். அதற்கு முன் ஆப்பிரிக்காவில் காங்கோவில் கால் நூற்றாண்டு இதே நோயோடு மல்லுக்கட்டியவர். இங்கே அவர் செய்தது மிகச் சின்ன காரியம். மருத்துவமனையைக் கட்டி நோயாளியைக் கூப்பிடாமல், வண்டியில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிராமத்துச் சாலையோர மரத்தடிக்குப் போனார். இன்ன கிழமை, இன்ன மரம். நோயாளி வயலிலிருந்து நேரே வந்து, வரிசையில் நின்று, கையைக் காட்டி, மாத்திரையை வாங்கிக்கொண்டு திரும்ப வயலுக்குப் போகலாம். 'மரத்தடி மருத்துவமனை' என்று உலக மருத்துவர்கள் இன்றும் குறிப்பிடுவது இதைத்தான்.

மரத்தடிக்குச் சுவர் கிடையாது, கவனித்தீர்களா? மருத்துவர் அந்தக் கையைப் பிடித்துப் பார்ப்பதைச் சாலையில் போகிற எவரும் பார்க்கலாம். தொட்டவருக்கு அடுத்த வாரமும் ஒன்றும் ஆகவில்லை என்பதையும் பார்க்கலாம். எத்தனை பிரசங்கம் செய்தாலும் அதற்கு ஈடாகுமா என்பது எனக்குச் சந்தேகம்.

ஹெமெரிக்ஸோடு இருந்தவர்களில் டாக்டர் கிளேர் வெல்லூத் என்ற இளம் பெண்ணும் ஒருவர். இவர் கன்னியாஸ்திரீ இல்லை. துறவி உடுப்பு கிடையாது, மடம் கிடையாது. திருச்சபையின் சாதாரண உறுப்பினராகவே இருந்து பிற நாடுகளில் பணி செய்யப் புறப்பட்ட பெண்களின் குழு ஒன்று பெல்ஜியத்தில் இருந்தது, அதைச் சேர்ந்தவர். 1960இல் ஹெமெரிக்ஸ் பொலம்பாக்கத்தை விட்டுப் போன பிறகு மையத்தின் பொறுப்பு இவர் தலையில் விழுந்தது. இவர் போகவில்லை. இந்தியக் குடியுரிமை வாங்கிக்கொண்டு இங்கேயே இருந்தார். 2013இல் காலமானார். மரத்தடிக்கு வண்டி போவதைத் தொடங்கியவர் பெயர் புத்தகங்களில் பெரிதாக இருக்கிறது. அது நிற்காமல் போய்க்கொண்டே இருந்ததற்கு இவர் மாதிரி ஆட்கள் காரணம். எனக்கு இரண்டாவது வகை ஆட்கள் மேல்தான் மரியாதை அதிகம்.

கோயில் ஊர்க்காரனான நான் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மதம் மாற்றத்தான் இதெல்லாம் என்று பேசுகிறவர்கள் எங்கள் தெருவிலும் உண்டு. அந்த நோக்கத்தோடு போனவர்கள் யாருமே இல்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: கோயில் வாசலில் மடங்கிய கையோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்களே, நாம் தட்டில் காசைப் போட்டோமே, கை படாமல் உயரத்திலிருந்து போட்டோமா இல்லையா?

இப்போது காலம் மாறிவிட்டது. 1981இல் உலகச் சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. ஆறு மாதமோ ஒரு வருஷமோ மாத்திரை சாப்பிட்டால் குணம். அரசு ஆரம்பச் சுகாதார நிலையத்தில் இலவசம். பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவு என்ற நிலையை 2005 டிசம்பரில் நம் நாடு எட்டிவிட்டதாக அறிவித்தார்கள். அதைக் கேட்டு நாம் கையைக் கழுவிவிட்டோம். உலகத்தில் ஒவ்வொரு ஆண்டும் புதிதாகக் கண்டறியப்படுகிறவர்களில் பாதிக்கு மேல் இன்றும் நம் நாட்டில்தான். கணவனுக்கோ மனைவிக்கோ இந்த நோய் இருந்தால் அதையே காரணமாகக் காட்டி விவாகரத்து கேட்கலாம் என்ற சட்டப் பிரிவு போனதே 2019இல்தான். உடம்பில் சிவந்தோ வெளுத்தோ ஒரு தேமல் இருந்து, அதில் தொட்டால் உணர்ச்சி இல்லையென்றால் காட்டிவிடுங்கள். வேறு ஒன்றும் வேண்டாம்.

குணமாகியும் திரும்பிப் போக வீடு இல்லாதவர்கள் இருக்கிறார்கள். கிருமி போய்விட்டது, விரல் வரவில்லை, உறவும் வரவில்லை. இவர்களுக்கு டாக்டரைவிட, வாரம் தவறாமல் வந்து உட்காருகிற ஓர் ஆள் தேவை. கத்தோலிக்கப் பங்குகளில் வின்சென்ட் தே பவுல் சபை என்று இருக்கும், பலருக்குத் தெரிந்திருக்கும். 1833இல் பாரிஸில் பிரெடெரிக் ஓசானாம் என்ற இருபது வயது கல்லூரி மாணவர் நண்பர்களோடு தொடங்கியது. உங்கள் திருச்சபை இன்று ஏழைக்கு என்ன செய்கிறது என்று யாரோ விவாதத்தில் மடக்க, பதில் பேசாமல் ஓர் ஏழை வீட்டுக்கு விறகு கொண்டுபோய்ப் போட்டார்களாம். இன்றும் அவர்கள் வழக்கம் இரண்டிரண்டு பேராக வீட்டுக்கே போய்ப் பார்ப்பது. கூட்டத்தில் ஒரு பையைச் சுற்றி அனுப்புவார்கள்; யார் எவ்வளவு போட்டார் என்று யாருக்கும் தெரியாது. கிறிஸ்மஸுக்கு ஒரு லோடு போர்வையை இறக்கி, வாங்குகிறவர் முகத்தைக் கேமராவுக்குத் திருப்பச் சொல்லும் தர்மவான்களை எல்லா மதத்திலும் பார்த்த எனக்கு, இந்தத் துணிப்பை ரொம்பப் பிடித்தது.

ஒரு ஞாயிறு மாலை இப்படிப் போகிற இரண்டு பேரோடு நானும் தொற்றிக்கொண்டேன். கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்த கோலத்தில், தோளில் பட்டு அங்கவஸ்திரத்தோடு. ஒரு பெரியவர் வாளித் தண்ணீரில் காலை ஊற வைத்திருந்தார். உணர்ச்சியற்ற காலில் தோல் வெடிக்காமல் இருக்க அது தினப்படி வேலை. சபைக்காரர் ஒருவர் அந்தக் காலை மடியில் தூக்கி வைத்து, பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எண்ணெய் தடவிக்கொண்டே தன் மருமகளைப் பற்றிக் குறை பேசிக்கொண்டிருந்தார். பெரியவர் மருமகள் பக்கம் நியாயம் சொல்லிக்கொண்டிருந்தார். பரிதாபம் அந்த இடத்தில் எங்கேயும் இல்லை.

பேச்சில் தெரிந்தது, பெரியவர் முன்பு நெசவுக்காரர். என் அங்கவஸ்திரத்தைக் கேட்டார். கொடுத்தேன். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தூக்கினார். விரல்களுக்குத் தெரியாதே! கன்னத்தில் வைத்து மெதுவாக இழுத்துப் பார்த்தார், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை.

"யார் தறி?" என்றார்.

"என் தம்பிங்க" என்றேன்.

"ஊடை கொஞ்சம் தளர்வா விழுந்திருக்கு தம்பி. இன்னும் ஒரு தட்டு இறுக்கித் தட்டச் சொல்லு."

சொன்னேன். தம்பிக்குக் கோபம். மறுநாள் பார்த்தால் தறியில் சத்தம் கொஞ்சம் பலமாகக் கேட்டது.