பிள்ளைக்கென ஒரு விதைநெல்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

சிறு பிள்ளையின் பெயரிற் சேர்க்கும் பணத்தை எங்கே வைப்பது என்பது பற்றிப் பேசும்படி நாம் பணிக்கப்பட்டுள்ளோம். குளத்து நீரை நம்பி வாழும் அக்கராயன் மக்களுக்கு விதைநெல்லின் அருமையை எடுத்துரைக்க வேண்டியதில்லை. வீட்டில் எவ்வளவு தட்டுப்பாடு வந்தாலும் காலபோகத்துக்கென ஒதுக்கிய நெல்லை உலையில் இட மனம் ஒப்புவதில்லை. பிள்ளைக்கென ஒதுக்கும் பணமும் அத்தகையதே. அதனை எந்த அறையில் வைப்பது, எலியும் ஈரமும் அணுகாமற் காப்பது எப்படி என்பதே கேள்வி.

இவ்வூரில் வங்கி என்று வாயெடுத்தால், "தம்பி, போட்ட காசு திரும்பி வருமோ?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். அக்கேள்வியை அறியாமை என்று தள்ளுதல் தகாது. 1994ஆம் ஆண்டில் தொடங்கிய தமிழீழ வைப்பகத்தில் வன்னி மக்கள் பலர் பணம் வைத்தனர். நகையை அடகும் வைத்தனர். 2009 மே மாதத்தில் போர் முடிந்தபோது அதுவும் இல்லாதொழிந்தது. போரின்போது கைப்பற்றப்பட்ட நகைகளில் ஒரு தொகுதியை, உரியவரிடம் சேர்ப்பிக்கும் பொருட்டு, இராணுவம் பொலிசாரிடம் ஒப்படைத்தது 2025 மே மாதத்திலேயாகும். இடையிற் சென்றவை 16 ஆண்டுகள். அன்று பிறந்த குழந்தை க.பொ.த. சாதாரணதரப் பரீட்சைக்கு இருக்கும் வயதை எட்டிவிட்டது.

ஆகவே நாம் முதலிற் கேட்க வேண்டியது, "எத்தனை வீதம் வட்டி?" என்பதன்று, "இந்நிறுவனம் வீழ்ந்தால் எமது பணத்துக்கு யார் பொறுப்பு?" என்பதே. 1832இல் தோன்றிய இலங்கைச் சேமிப்பு வங்கியையும் 1885இல் தோன்றிய தபாற் கந்தோர்ச் சேமிப்பு வங்கியையும் ஒன்றிணைத்து, 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்மூலம் தேசிய சேமிப்பு வங்கி அமைக்கப்பட்டது. அதில் இடும் பணத்துக்கு அச்சட்டத்தின்படி அரசாங்கமே உத்தரவாதம். ஏனைய அனுமதி பெற்ற வங்கிகளிலும் நிதிக் கம்பனிகளிலும் உள்ள வைப்புகளுக்கு மத்திய வங்கியின் காப்புறுதித் திட்டம் உண்டு. ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் ரூபா வரை என 2021இல் அந்த எல்லை உயர்த்தப்பட்டது. இது வெறும் ஏட்டுச் சட்டமன்று. 2020இல் ஒரு பழைய பெரிய நிதிக் கம்பனியின் அனுமதிப்பத்திரம் இரத்துச் செய்யப்பட்டபோது, வைப்பாளரின் கைக்கு முதலில் வந்தது இந்தக் காப்புறுதிப் பணமே.

கூட்டுறவுச் சங்கங்கள் இக்காப்புறுதிக்குள் அடங்குவதில்லை. அதனால் அவை வேண்டா என்பது எமது கருத்தன்று. அங்கே அங்கத்தவரின் விழிப்பே காப்பு. பொதுக்கூட்டத்துக்குச் சென்று கணக்கைக் கேட்பவருக்கே சங்கம் உதவும். ஆளைச் சேர்த்தால் காசு வரும் என்று ஆசை காட்டும் பிரமிட் திட்டங்களோ சட்டத்தால் தடைசெய்யப்பட்டவை. அவற்றின் வாசலையும் மிதிக்கலாகாது.

இரண்டாவதாக, பணம் இருந்தவாறே இருந்தாலும் அதன் பெறுமதி தேய்வதுண்டு. 2022 செப்டெம்பரில் இந்நாட்டின் பணவீக்கம் ஏறக்குறைய 70 வீதத்தைத் தொட்டது. முந்திய ஆண்டில் 1,000 ரூபாவுக்கு வாங்கிய பொருள்களுக்கு 1,700 ரூபா கொடுக்க நேர்ந்தது. பானைக்குள் இட்ட தாள் குறையவில்லை. அது வாங்கும் அரிசி குறைந்தது. மிஷன் பாடசாலையிற் பயின்ற எமக்கு, தரப்பட்ட தாலந்தை மண்ணிற் புதைத்து வைத்த ஊழியனின் கதை நினைவுக்கு வருகின்றது. அவன் எதனையும் களவாடவில்லை. ஆயினும் எசமானிடம் ஏச்சு வாங்கினான்.

அப்படியாயின் பொன்னே சிறந்தது என்பர் சிலர். ரூபா வீழ்ந்த காலத்திற் பொன் தன் பெறுமதியைக் காத்தது உண்மை. ஆனால் செய்கூலியும் சேதாரமும் விற்கும்போது திரும்பி வருவதில்லை. அதனினும் பெரிய ஆபத்து, பிள்ளையின் சங்கிலி உழவுச் செலவுக்கு அடகுக்குப் போவது. வட்டி கட்ட முடியாமல் அது மூழ்கினால் இழப்புப் பிள்ளைக்கே. பொன்னை ஒரு பங்காக வையுங்கள், முழுவதையும் பொன்னாக்காதீர்கள்.

மூன்றாவது, காலத்தின் வலிமை. ஆண்டுக்கு 8 வீத வட்டி மாதந்தோறும் கூடுகின்றது என வைத்துக்கொள்வோம். பிள்ளை பிறந்த நாள் முதல் மாதம் 500 ரூபா இடும் தாய், 18 ஆண்டில் 1,08,000 ரூபா இடுவாள். கையிற் கிடைப்பது ஏறத்தாழ 2,40,000. ஒன்பதாம் வயதில் விழித்துக்கொண்டு மாதம் 1,000 இடுபவளும் அதே 1,08,000 ரூபாவையே இடுகின்றாள்; கிடைப்பதோ ஏறத்தாழ 1,57,000. இடையிலுள்ள 83,000 ரூபாவைத் தந்தது காலமேயன்றி வேறன்று. வட்டி வீதம் ஏறியிறங்கும். முந்தித் தொடங்கியவரின் நன்மை மாறாது.

பதினெட்டாம் வயது எதற்கு என்பீர்கள். பல்கலைக்கழகக் கல்வி இலவசமே. ஆயினும் தங்குமிடமும் சாப்பாடும் பஸ் செலவும் இலவசமல்ல. இடம் கிடைத்தும் கைச்செலவுக்கு அஞ்சித் தயங்கும் பிள்ளைகள் உண்டு என்பதைப் பல்கலைக்கழகத்தில் பயிலும் நாம் கண்ணாரக் காண்கின்றோம்.

சிறுவர் கணக்குப் பணத்தைப் பொதுவாகப் பிள்ளைக்கு 18 வயதாகும்வரை எடுக்க இயலாது. அது பிள்ளைக்குக் காப்பு. ஆனால் குடும்பத்துக்கு நெருக்கடி வந்தால் கதவு பூட்டியிருக்கும். எனவே நோய்க்கும் வெள்ளத்துக்கும் வரட்சிக்கும் பெற்றோர் பெயரில் வேறொரு சிறு கணக்கு இருத்தல் அவசியம். 30 வீத வட்டிக்கு நுண்கடன் பட்டவர், 8 வீத வட்டிக்குப் பிள்ளை பெயரிற் பெருந்தொகை இடுவது ஓட்டை வாளியில் நீர் அள்ளுவதாகும். அத்தகையோர் புத்தகம் மூடாதிருக்கச் சிறுதொகை இட்டு, முதலிற் கடனை அடைப்பாராக. வங்கி தரும் குடைக்கும் புத்தகப்பைக்கும் மயங்கிக் கணக்குத் திறந்து, பின் அதனை மறந்துவிடுதலும் வேண்டா.

இளைஞர்களாகிய எமக்கும் ஒரு கடமை உண்டு. படிவமும் நிபந்தனையும் வாசிக்கத் தயங்கும் தாய்மாருடன் மாதத்தில் ஒரு நாளேனும் மன்றத்தினர் வங்கிக்குச் சென்று, யார் பொறுப்பு, எப்போது எடுக்கலாம், வட்டி எவ்வளவு என்னும் மூன்று கேள்விகளைக் கேட்டுக் கொடுத்தல் வேண்டும். இப்பணியைச் சபையோர் ஏற்று, வரும் மாதமே தொடங்கி வைக்கும்படி வேண்டி அமைகின்றோம்.