மௌனமாய் நின்ற மூவர்

அவிநாசிபாளையத்தில் தூக்குப்போசியுடன் பனியன் கம்பெனி வேனுக்குக் காத்து நிற்கும் தாய்மார்களின் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் தேசிய கீதம் பாட அணிவகுக்கும் இவ்வேளையில், 1985-இல் கேரளத்துக் கோட்டயம் ஜில்லாவில் நிகழ்ந்த ஒரு சம்பவத்தைச் சொல்ல விரும்புகிறேன்.

யெகோவாவின் சாட்சிகள் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த மூன்று உடன்பிறந்தோர், 10, 9, 5-ஆம் வகுப்புகளில் படித்தவர்கள், கீதம் ஒலிக்கையில் மற்றவர்களோடு மரியாதையாக எழுந்து நின்றார்கள். ஆனால், தங்கள் வணக்கம் பரலோகத்து ஆண்டவர் ஒருவருக்கே உரியது என்ற விசுவாசத்தால், வாய் திறந்து பாடவில்லை. பாடாமைக்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். உயர் நீதிமன்றமும் கைவிரித்துவிட்டது.

தேசத்தை வெறுத்தவர்களா அவர்கள்? பிலிப்பி நகரத்தாருக்கு, நம் குடியுரிமை பரலோகத்தில் இருக்கிறது என்று எழுதிய பவுல் அப்போஸ்தலரே, எருசலேமில் தம்மைச் சாட்டையால் அடிக்கக் கட்டியபோது, தாம் பிறப்பால் ரோமப் பிரஜை என்று உரிமை கோரவும் தயங்கவில்லை. மண்ணின் சட்டத்தை மதித்தவர், மனச்சாட்சியை மட்டும் ரோமப் பேரரசனான ராயனுக்குக் கொடுக்கவில்லை. அதில் அணுவளவும் துரோகம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அம்மூன்று பிள்ளைகளின் மேல்முறையீட்டில், சின்னப்ப ரெட்டி, தத் ஆகிய இரு நீதிபதிகளும் 1986 ஆகஸ்டு 11-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தில் அளித்த தீர்ப்பில், மரியாதையுடன் நின்று பாடாதிருப்பது அவமதிப்பாகாது என்றும், அரசியல் சாசனத்தின் 19, 25-ஆம் பிரிவுகள் அச்சிறாரின் மௌனத்தைக் காக்கின்றன என்றும் கூறி, மூவரையும் மீண்டும் பள்ளியில் சேர்த்துக்கொண்டு, தடையின்றிப் படிக்கவிடுமாறு ஆணையிட்டார்கள்.