வடிநீரும் எக்கியும்



இட்டலிக் கொப்பரையின் மூடியைத் திறந்தால் அதன் உட்புறத்தே நீர்த்துளிகள் திரண்டு நிற்பதைக் காணாதார் இலர். ஆவியாய் எழுந்த நீர், தன் வெப்பத்தை மூடிக்குக் கொடுத்துவிட்டு மீண்டும் நீராயிற்று. அதுவே வடிநீர். சாயத் தொழிற்சாலையிலும் கொதிகலனினின்று குழாய்வழிச் செல்லும் நீராவி, தன் பணி முடிந்தபின் இவ்வாறே வடிகின்றது. அதனைச் சாய்க்கடையில் விடுவார் பலர். அவர்கள் விடுவது நீரை மட்டுமன்று; விறகையும் எண்ணெயையுமே விடுகின்றனர்!

கணக்கைப் பாருங்கள். 30 பாகை வெப்பமுள்ள கிணற்று நீருக்கு மாற்றாக 90 பாகை வடிநீரைக் கொதிகலனுக்கு ஊட்டினால், எரிபொருளில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு மிஞ்சும். வடிநீர் உப்புக் கலவாதது. ஆதலின் கலனின் உள்ளே கட்டியாய்ப் படிவதுமில்லை.

இந்நீரை மீண்டும் மேலேற்றுவதே மையவிலக்கு எக்கியின் பணி. பம்பு என்று கடைத்தெருவில் வழங்குவது இதுதான். நீர்வீசும் கருவிக்கு எக்கி என்பது தமிழில் முன்பே உள்ள பெயர், புதிதாகப் புனைந்ததன்று. கூட்டினுள்ளே இதழ்கள் பொருந்திய தட்டொன்று விரைந்து சுழலும். நடுவில் நுழைந்த நீர் விளிம்புக்கு வீசப்பட்டு, அவ்விரைவே அழுத்தமாக மாறும். 1851-இல் இலண்டன் பொருட்காட்சியில் அப்பால்டு என்பார் இதழை வளைத்துக் காட்டினார். நேரிதழ் 24 விழுக்காடே பயன் தர, வளைந்த இதழ் 68 விழுக்காடு தந்தது.

ஆயினும், இவ்வெக்கி நீரை இழுப்பதில்லை என்பதைப் பலர் அறியார். அது நடுவில் அழுத்தத்தைக் குறைக்கின்றது. வெளிக்காற்றே நீரை உள்ளே தள்ளுகின்றது. 20 பாகை நீரைக் காற்று ஏறத்தாழப் பத்து மீட்டர் உயர்த்த வல்லது. 90 பாகை நீருக்கோ மூன்று மீட்டருக்குச் சற்று மேல்தான். கொதிநிலையை எட்டிய நீருக்கு ஒன்றுமே எஞ்சாது! எக்கியின் வாயிலேயே நீர் கொதித்துக் குமிழியாகும். குமிழிகள் இதழோரத்து உயரழுத்தத்தை அடைந்ததும் நொறுங்கும். உள்ளே கூழாங்கல் உருளுவது போன்ற ஓசை எழும். சின்னாளில் இதழெங்கும் அரித்த குழிகள் தோன்றும்.

உடனே உரிமையாளர் பெரிய மின்னோடியை வாங்கி மாட்டுகின்றார். அந்தோ, பணமும் போயிற்று, இதழும் போயிற்று! மாற்றவேண்டியது மின்னோடியை அன்று. வடிநீர்த் தொட்டியை உயர்த்துக, எக்கியைத் தாழ்த்துக, உறிஞ்சுகுழாயை அகலமாகவும் குறுகிய நீளத்திலும் அமைக்க. அனல்மின் நிலையங்களில் செய்வதும் இதுவே. அங்கு ஆவியைக் குளிர்விக்கும் கலத்தில் காற்றழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கே உண்டு. 46 பாகையிலேயே நீர் அங்குக் கொதிநிலையில் நிற்கும். ஆகவே எக்கியைக் குழி தோண்டி நெட்டாக நிறுத்தி, முதல் இதழ்த்தட்டை அடியில் வைக்கின்றனர்.

அறையைக் குளிர்விக்கும் பொறியில் வடிவது தண்ணீர், அதற்கு இத்தொல்லையில்லை. சிறு தொட்டியில் நீர் உயர, மிதவை எழுந்து எக்கியை இயக்கும். அங்குப் பகை பாசியே. மிதவை சிக்கினால் நீர் வழிந்து சுவரை நனைக்கும். புகையின் ஆவியையும் குளிர்வித்து வெப்பம் பெறும் புதுவகைக் கொதிகலன்களின் வடிநீரோ புளிப்புத்தன்மை உடையது. இரும்புக்கூடு அதற்கு ஆகாது. நெகிழியால் ஆன எக்கியே வேண்டும்.