பொறுத்தது போதும்!



கருவி விற்றவர்கள் செய்த தப்பைத் திருத்த வழி பொறுமையா, கண்டிப்பா? எதிரணிச் சகோதரி, "பொறுத்தார் பூமி ஆள்வார்"னு சொன்னாங்க. அம்மா, இருபது வருஷம் பொறுத்துப் பாத்தாச்சும்மா! கேளுங்க.

கம்ப்யூட்டர்ல ஒரு தளத்தோட பெயரைத் தட்டுறோம். அந்தப் பெயருக்குரிய எண் முகவரியைக் கேட்டுச் சொல்கிற ஏற்பாடுதான் டி.என்.எஸ். பழைய முறையில், ஒரு தடவை அனுப்புகிற பதில் 512 பைட்டுக்குள் அடங்க வேண்டும். போஸ்ட் கார்டு மாதிரி! இடம் பத்தலை. 1999இல் இ.டி.என்.எஸ். என்று ஒரு புது விதி வந்தது. இனிமே கவர்லயும் எழுதலாம்.

புது முறை தெரியாத சர்வர், "எனக்குத் தெரியாது"ன்னு பதிலாவது சொல்லணும். ஆனா சில சர்வர்களும் ஃபயர்வால்களும் வாயே திறக்கலை. கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்டா, காது கேட்காத மாதிரி உட்கார்ந்திருக்கிற பங்காளி மாதிரி! (சிரிப்பு)

கேட்ட மென்பொருள் காத்திருந்து, பழைய முறையில் மறுபடி கேட்டது. பதில் வந்தது. காத்திருந்த நேரம் நமக்கு நஷ்டம். தப்புச் செஞ்சவங்களுக்கு? ஒண்ணுமில்லை! மகன் வாங்குற கடனை அப்பா மாசாமாசம் அடைச்சா, மகன் எப்படிய்யா திருந்துவான்?

ஒருத்தர் மட்டும் நிறுத்தவும் முடியாது. "அடுத்தவர் மென்பொருள்ல வருது, உங்களதுல வரலையே"ன்னு அவரைத்தான் திட்டுவோம். ஒழுங்கா நடக்கிறவருக்குத்தான் கெட்ட பேரு!

அதனால பைண்ட், அன்பவுண்ட், பவர் டி.என்.எஸ்., நாட் ஆகிய மென்பொருள்களைச் செய்கிறவர்கள் ஒன்று கூடினார்கள். கூகுள், கிளவுட்ஃபிளேர் போன்ற நிறுவனங்களும் கை கோத்தன. "2019 பிப்ரவரி 1 கெடு. அதுக்கப்புறம் தாங்கிப் பிடிக்க மாட்டோம்!" என்று முன்கூட்டியே அறிவித்தார்கள். உங்க சர்வர் சரியா இருக்கான்னு சோதிச்சுப் பார்க்க வழியும் கொடுத்தார்கள். கெடு வந்தது. இன்டர்நெட் இடிஞ்சா விழுந்தது? இல்லையே! (கைதட்டல்)

அய்யா, கண்டிப்புன்னா கம்பைத் தூக்குறது இல்லை. தப்பைக் காட்டி, திருந்தத் தேதி சொல்லி, எல்லாரும் ஒரே குரலில் நிற்பது. ஒருத்தர் சொன்னா புகார். ஊர் கூடிச் சொன்னா கட்டுப்பாடு. ஆகவே, கண்டிப்பே வழி என்று தீர்ப்பளிக்க வேண்டுகிறேன்.