சிறுகுறிஞ்சான் பொடியும் எரியும் பாதமும்

இந்த வாரம் ஒரே ஒரு கேள்விதான். நேயர் ஒருவர் கேட்டிருக்கார்: "ஒன்பது வருஷமா சர்க்கரை. ராத்திரியில பாதம் எரியுது. மாத்திரையை நிறுத்திட்டு சிறுகுறிஞ்சான் பொடிக்கு மாறலாமா?"

சிறுகுறிஞ்சானைச் சர்க்கரைக்கொல்லின்னும் சொல்வாங்க. பச்சை இலையை மென்றுவிட்டு ஒரு சிட்டிகை சர்க்கரையை நாக்கில் வைத்தால் மணல் மாதிரிதான் இருக்கும். இலையிலுள்ள ஜிம்னீமிக் அமிலங்கள் இனிப்புச் சுவையைக் கொஞ்ச நேரம் மறைத்துவிடுகின்றன. ஆனால் நாக்குக்கு இனிப்பு தெரியாமப் போறது வேற, ரத்தத்துல சர்க்கரை குறையறது வேற.

ரத்தத்தில் என்ன ஆகிறது என்பதைச் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பார்த்திருக்காங்க. 1990இல் வெளிவந்த ஆய்வு. இரண்டாம் வகை சர்க்கரை நோயுள்ள 22 பேருக்கு, இந்த இலையின் சாறத்தைத் தினமும் 400 மில்லிகிராம் வீதம் 18 முதல் 20 மாதங்கள் கொடுத்தார்கள். சர்க்கரை குறைந்தது. 5 பேர் மாத்திரையையே விட முடிந்தது. நல்ல செய்திதான். ஆனா கவனிங்க: யாரும் முதல் நாளே மாத்திரையை நிறுத்தல. மாத்திரையோடு சேர்த்துத்தான் சாப்பிட்டாங்க. மற்ற 17 பேருக்கு மாத்திரை தொடர்ந்தது. 22 பேர் என்பதும் சின்ன எண்ணிக்கை.

அப்போ செடி மருந்தாகாதா? ஆகும். நீங்க சாப்பிடுற மெட்ஃபார்மினின் கதையே ஒரு செடியிலிருந்துதான் தொடங்குது. ஐரோப்பாவில் கலேகா என்று ஒரு செடி. அதிலுள்ள கலேகின் சர்க்கரையைக் குறைத்தது, ஆனால் நச்சு. அதே வகைப் பொருள்களில் பாதுகாப்பானதைத் தேடியபோது கிடைத்தவற்றில் ஒன்று மெட்ஃபார்மின். அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவுகளை ழான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1957இல் வெளியிட்டார். செடிக்கும் மாத்திரைக்கும் நடுவில் இருப்பது அளவும் சோதனையும்தான். கடைப்பொடியில் சத்து எவ்வளவு என்று பாக்கெட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இப்போ பாதம். மூலிகைச் சாறுகள் நரம்பைக் காப்பதாக வரும் செய்திகளில் பெரும்பாலானவை எலிகளிடம் செய்த சோதனைகள். மருந்து ஊசி போட்டு எலியின் கணையத்தைக் கெடுத்து, சில வாரங்கள் சாறு கொடுத்துப் பார்ப்பார்கள். பல வருஷமாக் கெட்ட மனித நரம்புக்கு அது அப்படியே பொருந்தாது.

நான் பயப்படுறது இன்னொண்ணுக்கு. பொடி சாப்பிட ஆரம்பிச்சதும் எரிச்சல் நின்னுடுச்சுன்னு வைங்க. குணமாயிடுச்சுன்னு நினைப்போம். நரம்பு உணர்ச்சியையே இழந்தாலும் எரிச்சல் நிற்கும். அப்புறம் முள் குத்தினாலும் தெரியாது, புண்தான் சொல்லும்.

அதனால ஐயா, மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க. இன்சுலின் போடுறவங்க அதைக் கண்டிப்பா நிறுத்தக் கூடாது. பொடி சாப்பிடுறதா இருந்தா டாக்டர்கிட்ட மறைக்காதீங்க. இரண்டும் சேர்ந்து சர்க்கரை ரொம்ப இறங்கிடலாம். பாதத்தில் உணர்ச்சி இருக்கான்னு சோதிக்கச் சொல்லுங்க. பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்க. மெட்ஃபார்மினை நெடுநாள் சாப்பிட்டால் அது குறையலாம், குறைந்தாலும் பாதம் எரியும். தினமும் ராத்திரி பாதத்தைத் திருப்பிப் பாருங்க.